சடக்கோரம் மட்டும் போதுமா?

“ஓரமாப் போப்பா, ஓரமாப் போ!”

பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்து வாசலைத் தாண்டும்போது நாம் எல்லோரும் சொல்லி அனுப்புவது இதைத்தான். நம் அப்பா நமக்குச் சொன்னார். நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லி முடித்ததும் கடமை தீர்ந்தது என்று வீட்டுக்குள் போய்விடுகிறோம்.

இந்தப் புத்திமதியில் பாதி சரி. மறுபாதி உயிருக்கு ஆபத்தானது. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்று பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் நாம் பிள்ளைகளைப் பெரிய சடக்கில் விடுகிறோம். ஆகவே இன்று இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பேசுவோம்.

சடக்கு மாறிப்போச்சு

ஒரு காலத்தில் சைக்கிள்தான் தோட்டத்து மக்களின் குதிரை. பால் வாளியும் அதில்தான், பாசார் சாமானும் அதில்தான், பின் கேரியரில் பிள்ளையும் அதில்தான். செம்மண் சடக்கில் எதிரே வந்தது இன்னொரு சைக்கிள் அல்லது தோட்டத்து லோரி. அந்த லோரிக்காரரும் நம்ம ஆள்தான். “தள்ளிக்க அண்ணே” என்று குரல் கொடுத்துவிட்டு மெதுவாகத்தான் போவார்.

இன்று வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். இருந்தாலும் சைக்கிள் மறைந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பென்ஷன் வயதைத் தாண்டிய பெரியவர்கள், கடைக்குப் போய்வரும் பெண்கள், நம்மோடு காட்டில் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள் என்று இன்னும் பல பேர் சைக்கிளை நம்பித்தான் இருக்கிறார்கள். வேறு வண்டிக்கு வழி இல்லாதவர்கள் இவர்கள். அதை மறந்துவிடக் கூடாது.

சடக்கு மட்டும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. சுங்கை பட்டாணி, பீடோங், குரூண் வழியாக அலோர் ஸ்டாருக்குப் போகும் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையைப் பாருங்கள். பாலிங், கோல கெட்டில் பக்கம் போகும் சாலையைப் பாருங்கள். 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது முதல் கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்தில் ஓடும் வண்டிகளைப் பாருங்கள். பேக்டரி பஸ், கொள்கலன் லோரி, செம்பனைக் குலை ஏற்றிய லோரி, வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று பறக்கும் கார், எல்லாம் ஒரே தாரில் ஓடுகின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டபோது, இனிமேல் பழைய சாலையில் நெரிசல் குறையும் என்றார்கள். அந்த நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே சைக்கிள்காரனுக்குப் பழைய சாலைதான் கதி.

முன்பு ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குக் காட்டுச் சடக்கு வழியாகவே போய்விடலாம். தோட்டங்கள் துண்டு போடப்பட்டு தாமானாகவும் பேக்டரியாகவும் மாறிய பிறகு பல இடங்களில் அந்தக் குறுக்கு வழிகளில் வேலி விழுந்துவிட்டது. பள்ளிக்குப் போகும் பிள்ளையும் பெரிய சாலைக்கு ஏறித்தான் இறங்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கூட்டரசுச் சாலையில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் தாண்டும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் காய்ந்த சாலையிலேயே சுமார் 70 மீட்டர் போய்விடும். மழை பெய்திருந்தால் இன்னும் அதிகம். நம் சைக்கிளோ மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் பெரிது.

இப்போது சாலையின் அகலத்துக்கு வருவோம். இரண்டு வழிச் சாலையில் ஒரு பக்கத்துத் தடம் மூன்றேகால் அல்லது மூன்றரை மீட்டர் இருக்கும். பெரிய லோரியின் அகலம் இரண்டரை மீட்டர். மிச்சம் இருப்பது முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர். சைக்கிளின் ஹேண்டில் மட்டுமே அரை மீட்டருக்கு மேல். அப்படியானால் லோரியும் சைக்கிளும் ஒரே தடத்தில் பக்கத்தில் பக்கத்தில் போக இடமே கிடையாது. நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் ஒதுங்கினால்தான் லோரி பத்திரமாக முந்த முடியும்.

இங்கேதான் “ஓரமாப் போ” என்ற புத்திமதி நம்மைக் கவிழ்க்கிறது. சைக்கிள்காரர் தாரின் விளிம்பிலேயே போனால், பின்னால் வரும் டிரைவருக்கு இடம் இருப்பது போல ஒரு மயக்கம் வருகிறது. எதிரே வண்டி வந்தாலும், “இடிக்காமல் போய்விடலாம்” என்று உரசிக்கொண்டு போகிறார். அந்த நேரத்தில் சைக்கிள்காரர் ஒதுங்க நினைத்தால் இடது பக்கம் என்ன இருக்கிறது? தாருக்குக் கீழே அரை சாண் பள்ளம், சரளைக்கல், மணல், லோரியிலிருந்து விழுந்த செம்பனைப் பழம், அதற்கும் அப்பால் லோங்கான். முன் சக்கரம் தாரை விட்டு இறங்கினால் திரும்ப ஏறாது, ஆளைச் சாய்த்துவிடும். சாய்வது எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் எங்கே ஓட்டுவது?

முதலாவது, இடது பக்கம். வண்டிகள் போகும் திசையிலேயே போக வேண்டும். இது “ஓரமாப் போ” என்பதில் சரியான பாதி.

“எதிர்ப்பக்கம் போனா வர்ற வண்டியைக் கண்ணால பார்க்கலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். நடந்து போகிறவருக்கு அது சரி. அவர் ஒரு எட்டு எடுத்து வைத்துப் புல்லில் நின்றுவிடுவார். சைக்கிளில் அது முடியாது. 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 100 மீட்டர் தூரத்தில் நம்மைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில் போனால் நம்மை நெருங்க ஏறக்குறைய ஐந்து விநாடி ஆகும். எதிர்த்து வந்தால் மூன்றரை விநாடிதான். தவிர, ஒரே திசையில் போகும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்து நம் பின்னாலேயே வரலாம். எதிரில் வந்தால் அவர் நின்றாலும் நாம் போய் மோதுகிறோம். இன்னொன்றும் உண்டு. தோட்டத்து முனையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் கார்க்காரர், இடது பக்கம் திரும்புவதற்கு முன் வலது பக்கம்தான் பார்ப்பார். வண்டிகள் அங்கிருந்துதானே வரும்! தவறான பக்கத்தில் இடதுபுறமிருந்து வரும் சைக்கிள் அவர் கண்ணிலேயே படாது.

இரண்டாவது, விளிம்பை விட்டு ஒரு கை தூரம் உள்ளே. முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் உள்ளே தள்ளி, நேர் கோடாகப் போக வேண்டும். அப்போதுதான் பின்னால் வருகிறவர், “இதை முந்துவதென்றால் ஒதுங்கித்தான் முந்த வேண்டும்” என்று முன்கூட்டியே முடிவு செய்வார். ஒதுங்க வேண்டிய நிலை வந்தால் நமக்கும் கொஞ்சம் தார் மிச்சம் இருக்கும். உள்ளே போவதும் வெளியே வருவதுமாகப் பாம்பு போல வளைந்து ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. பட்டணத்தில் கடை வரிசையில் கார்கள் நிற்கும் இடங்களில், கார்க் கதவு முழுதாகத் திறந்தாலும் இடிக்காத தூரத்தில் போக வேண்டும். கதவைத் திறப்பவர் பின்னால் பார்த்துத் திறப்பார் என்று நம்பாதீர்கள்.

மூன்றாவது, வேகமான சாலையில் தார் போட்ட பக்கவழி இருந்தால் அதில்தான் போக வேண்டும். வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கம் இருக்கும் அந்தத் துண்டு நமக்குக் கிடைத்த வரம். முனைகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. திரும்பப் போகும் லோரியின் இடது பக்கத்தில் ஒருபோதும் நுழையாதீர்கள். அங்கே இருப்பவரை டிரைவர் பார்க்கவே முடியாது. லோரி திரும்பட்டும், பின்னால் நில்லுங்கள்.

நான்காவது, வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் பெரிய சாலையில் நடுவுக்குப் போகாதீர்கள். இடது ஓரமாக நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடந்து போங்கள். பக்கவழியும் இல்லை, வளைவும் இருக்கிறது, பின்னால் லோரி உறுமுகிறது என்றால், இறங்கி நின்று வழி விடுங்கள். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

ஐந்தாவது, கண்ணில் படுங்கள். விடியும் முன்னே பிரட்டுக்குப் போகிறவர்களும், இருட்டிய பிறகு கடையிலிருந்து வருகிறவர்களும் பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு இல்லாமல் பெரிய சாலையில் ஏறவே கூடாது. 1992இல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்காரர்கள் பகலிலும் விளக்கைப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. கண்ணில் படாமல் போனதால் நேர்ந்த விபத்துகள் அதற்குப் பிறகு சுமார் 29 விழுக்காடு குறைந்தன என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். பட்டப்பகலில், அதுவும் மோட்டார் சைக்கிளுக்கே அப்படி என்றால், கறுப்புச் சட்டையோடு இருட்டில் போகும் சைக்கிளின் நிலை என்ன?

உலகத்தில் நடந்த வாக்குவாதம்

சைக்கிள் எங்கே ஓட வேண்டும் என்பது நம் தோட்டத்துச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜான் ஃபாரஸ்டர் என்பவர் 1976இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். சைக்கிளும் ஒரு வாகனம்தான், வாகனத்தைப் போலவே சாலைத் தடத்தில் நிமிர்ந்து ஓட்ட வேண்டும், ஒதுங்கிப் பதுங்கி ஓட்டக் கூடாது என்பது அவர் வாதம். தனிப் பாதை வேண்டாம் என்றே அவர் போராடினார். வண்டிகள் மெதுவாகப் போகும் பட்டணத்துத் தெருவில் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஹாலந்து நாட்டு மக்கள் வேறு வழியில் போனார்கள். அங்கே 1971இல் சாலை விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் பிள்ளைகள். தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்து என்பதே அவர்கள் இயக்கத்தின் பெயர். வேகமாக ஓடும் சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை, வீடுகள் இருக்கும் தெருக்களில் வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாடு என்று அந்நாடு படிப்படியாக மாறியது. இன்று அங்கே சின்னப் பிள்ளைகளும் பாட்டிமார்களும் பயமில்லாமல் சைக்கிளில் போகிறார்கள்.

பக்கத்துச் சிங்கப்பூரிலும் இந்தப் பேச்சு எழுந்தது. 2022 ஜனவரி முதல், சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று அங்கே வழிகாட்டுதல் வந்தது. கூட்டமாக ஓட்டும் சைக்கிள்காரர்களுக்கும் வரம்பு வைத்தார்கள்.

தூரத்து நாடுகளை மட்டும் சொல்வானேன்? நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ஓடும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனித் தடம் போட்டார்கள். 1993இல் அதை நீட்டியபோது, அந்தப் பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 39 விழுக்காடு குறைந்தன என்று ஆய்வு காட்டியது. பிரித்துவிட்டால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே நம் முடிவு இது. வண்டிகள் மெதுவாகப் போகும் இடத்தில் சைக்கிள் தடத்துக்குள் தைரியமாகப் போகலாம். வண்டிகள் வேகமாகப் போகும் இடத்தில் சைக்கிளுக்கென்று தனி இடம் வேண்டும். 15 கிலோமீட்டரையும் 90 கிலோமீட்டரையும் ஒரே தாரில் கட்டிப் போட்டுவிட்டு, “ஜாக்கிரதையாப் போப்பா” என்று சொல்வது ஏமாற்று வேலை.

ஜோகூரில் நடந்தது

2017 பிப்ரவரி 18ஆம் தேதி, விடியற்காலை மூன்று மணிக்கு மேல், ஜோகூர் பாருவில் ஒரு கார் மோதி எட்டுச் சிறுவர்கள் இறந்தார்கள். எல்லோரும் 13இலிருந்து 16 வயதுக்குள். ‘பாசிக்கல் லாஜாக்’ என்கிறார்களே, மாற்றி அமைத்த சைக்கிள், அதில் கூட்டமாகப் போனவர்கள். காரை ஓட்டிய இளம்பெண் மீது வழக்கு நடந்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் அவரை விடுதலை செய்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் விடுதலை செய்தது. நாடே இரண்டு பட்டு நின்று விவாதித்தது.

யார் பக்கம் நியாயம் என்று நாம் இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஆறு ஆண்டு வழக்கு நடந்து முடிந்த பிறகும் எட்டு வீடுகளில் ஒரு பிள்ளைகூடத் திரும்பி வரவில்லை. சட்டம் விபத்துக்குப் பின்னால்தான் வரும். பிரேக் இல்லாத சைக்கிளைப் பிள்ளை ஓட்டுகிறானா, இரவில் எங்கே போகிறான் என்று விபத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். இன்று சாயங்காலமே வீட்டுச் சைக்கிளை எடுத்து இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய உரிமை

சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோ பாதுகாப்பு, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. வேலைத்தளத்தில் நேரும் விபத்துக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்தும் அதில் சேரும். சைக்கிளில் போனாலும் சேரும். வழியை விட்டு விலகி வேறு சொந்த வேலைக்குப் போனால்தான் சிக்கல். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்து வங்காளதேசத் தம்பிக்கு இது தெரியாமல் இருக்கலாம், சொல்லிக் கொடுங்கள்.

சாலை விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். முதலாளி தரப்பு 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். “சின்னக் காயம்தானே, விடுங்க” என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். இன்று சின்னதாகத் தெரியும் முழங்கால் வலி ஆறு மாதம் கழித்து மரம் வெட்ட முடியாமல் செய்துவிடும். அப்போது கையில் பத்திரம் இல்லையென்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

என்ன கேட்பது, யாரிடம் கேட்பது?

கூட்டரசுச் சாலையும் மாநிலச் சாலையும் பொதுப்பணி இலாகாவின் பொறுப்பு. தாமான் தெருக்கள் நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. தோட்டத்துக்குள் இருக்கும் சடக்கு நிர்வாகத்தின் பொறுப்பு. ஒருவரிடம் கேட்க வேண்டியதை இன்னொருவரிடம் கேட்டால் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

பொதுப்பணி இலாகாவிடம் மூன்று காரியங்களைக் கேட்கலாம். தோட்டத்து முனையிலிருந்து பள்ளி வரைக்கும், கடைத்தெரு வரைக்கும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தார் போட்ட பக்கவழி. முனையில் விளக்கு. வண்டிகள் வேகத்தைக் குறைக்கும்படியான அறிவிப்பும் மேடும். பள்ளி வட்டாரத்தில் 30 கிலோமீட்டர்தான் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. மனிதர்களும் வண்டிகளும் கலந்து போகும் இடத்தில் 30க்கு மேல் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் உலக நாடுகளும் அறிவித்தன. நாம் கேட்பது சலுகை இல்லை. நிர்வாகத்திடம் கேட்க ஒன்று உண்டு: அடைத்த காட்டுச் சடக்கில் சைக்கிளும் ஆளும் போகிற அளவுக்கு ஒரு சந்து திறந்து வையுங்கள். லோரி நுழையாதபடி கல் நட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகள் பெரிய சாலைக்கு ஏறாமல் பள்ளிக்குப் போய்விடுவார்கள்.

மகஜர் எழுதும்போது “எங்கள் சாலை ஆபத்தானது” என்று மொட்டையாக எழுதாதீர்கள். எத்தனையாவது கிலோமீட்டர் கல், எந்த நேரம், எத்தனை பிள்ளைகள் போகிறார்கள், இதுவரை எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணி எழுதுங்கள். படம் பிடித்துச் சேருங்கள். தொழிற்சங்கத் தலைவர், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் கமிட்டி, பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள், எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். அவர்கள் பிள்ளைகளும் அதே சாலையில்தான் போகிறார்கள். ஒரு நகல் சட்டமன்ற உறுப்பினருக்கும் போகட்டும்.

2016இல் இந்நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள். 2019இல் 6,167 பேர். இவர்களில் பாதிக்கும் மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். இந்த எண்களில் நம் தோட்டத்து வீடுகளும் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும், “விதி முடிஞ்சு போச்சு” என்று சொல்லிவிட்டுக் கலைந்து போவது நமக்குப் பழகிவிட்டது. தார் போட்ட ஒன்றரை மீட்டர் பக்கவழி இருந்திருந்தால் அந்த விதி மாறியிருக்குமா என்று ஒரு முறையாவது கேட்டிருக்கிறோமா?

பக்கவழி வரும்வரை பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதியையாவது திருத்திக்கொள்வோம். “இடது பக்கம் போ, விளிம்பை விட்டு ஒரு கை தள்ளிப் போ, நேராப் போ, விளக்கைப் போடு, சந்தேகம் வந்தா இறங்கி நில்லு.” சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகாமல், முதல் நாளாவது கூடவே சென்று காட்டிக் கொடுப்போம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னே நாலு பேர் கூடி உட்கார்ந்து மகஜரையும் எழுதி முடிப்போம்.